தனபாலின் முழங்காலும் எங்கள் கீப்பரின் முழங்காலும்

"எந்த ஏரியாடா?"

வடசென்னையில் பிறந்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. வேலைக்கான இன்டர்வியூவில் கொஞ்சம் மரியாதையாக வரும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சிரித்துக்கொண்டே வரும். ராத்திரி பத்தரை மணிக்கு சென்ட்ரல் வாசலில் ஒரு காவலரிடமிருந்து வரும்போது கடைசியில் ஒரு 'டா' ஒட்டிக்கொண்டிருக்கும்.

2017 நவம்பர் 23, வியாழக்கிழமை. நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி அணி, நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 3-0 என்று அடித்துத் துவைத்திருந்தது. நாலு நாள் முன்பு இதே மைதானத்தில் கோவாவிடம் 2-3 என்று தோற்று எங்களை அழவிட்டவர்கள். அதனால் அன்றைக்குக் கத்தியதில் எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துப் பையன்கள் பன்னிரண்டு பேர், பெரியவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர். பெரியமேட்டிலிருந்து நடந்து சென்ட்ரல் வந்து, கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் பேசின்பிரிட்ஜ், அடுத்தது கொருக்குப்பேட்டை. இரண்டே ஸ்டாப்பிங். அதற்குள்தான் அந்தக் கேள்வி வந்தது.

முன்னால் போன பையன் சட்டென்று "வண்ணாரப்பேட்டை சார்" என்றான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவும் அப்பாவும் வெளியே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன். பின்னால் வந்த எங்கள் கோல்கீப்பர், அப்போது பதினொன்றாம் வகுப்பு, "கொருக்குப்பேட்டை சார்" என்றான். ஒரே கும்பல், இரண்டு ஏரியா. அது போதாதா? பன்னிரண்டு பேரையும் சுவரோரம் குத்தவைத்து உட்காரச் சொன்னார்கள். பை சோதனை, போன் நம்பர், அப்பா பெயர், அப்பா என்ன வேலை. நாங்கள் அடையாள அட்டையைக் காட்டி, மேட்ச் டிக்கெட்டைக் காட்டி, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசியபிறகுதான் விட்டார்கள். (அந்த நாலு ஆங்கில வார்த்தைக்காகத்தான் எங்கள் வீடுகளில் பத்து வருடம் கடன் வாங்கிப் படிக்கவைத்தார்கள் போலிருக்கிறது.) ஒரு ரயில் போய்விட்டிருந்தது.

அடுத்த ரயிலில் யாரும் பேசவில்லை. பேசின்பிரிட்ஜ் தாண்டும்போது கீப்பர்தான் கேட்டான்: "அண்ணா, தனபால் மேட்ச் முடிஞ்சி வூட்டுக்குப் போறப்ப அவரையும் இப்டி கேப்பாங்களா?"

எங்களிடம் பதில் இல்லை.

தனபால் கணேஷைப் பற்றி அறியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறோம். வியாசர்பாடியில் வளர்ந்த நடுக்கள ஆட்டக்காரர். கொருக்குப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே இருப்பது தண்டவாளங்களும் கேப்டன் காட்டன் கால்வாயும்தான். கால்வாய் நாற்றம் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் கால்பந்து என்றால் அவர்கள் பெரிய வீடு, நாங்கள் பக்கத்து வீடு. அங்கே முல்லை நகர் மைதானத்தில் தங்கராஜ், உமாபதி என்ற இருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேரிப் பிள்ளைகளைச் சேர்த்து, படிப்பையும் பந்தையும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தெடுத்தார்கள். 2014இல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் ஹவுசிங் போர்டு பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்து நகரத்தின் தென்பாதிக்காரர்கள் அதிசயப்பட்டார்கள். "அங்கே கிரிக்கெட் இல்லையா?" என்று எங்களிடமே கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் கிரிக்கெட்டுக்கு மட்டை, பேடு, பிட்ச், வெள்ளைச் சட்டை, சிபாரிசு எல்லாம் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து வேண்டும், அதுவும் இருபத்திரண்டு பேருக்கு ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் இந்தப் பகுதியின் ஆட்டம் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. துறைமுகம், ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள் எல்லாம் தங்களுக்கென்று அணி வைத்திருந்தன. நன்றாகப் பந்தை உதைத்தவனுக்கு, கூடைப்பந்தை வளையத்தில் போட்டவனுக்கு, அந்த அலுவலகத்தில் நிரந்தர வேலை, பிஎஃப், குவார்ட்டர்ஸ். சாதி பார்த்துக் கதவை மூடியவர்கள்கூட கோல் போடுபவனுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். இப்போது துறைமுகத்தைச் சுற்றி வேலை என்றாலே கான்ட்ராக்ட். ஆட்டமும் கான்ட்ராக்ட். 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். வந்த பிறகு தொழில்முறை கால்பந்தில் முன்பு கேள்விப்படாத சம்பளம் புழங்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சீசன் என்பது சில மாதம்தான். அது முடிந்ததும் அடுத்த ஒப்பந்தம் வருமா என்று முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

முழங்காலுக்குப் பிறகு வருவோம்.

அந்த 2017-18 சீசன் எங்கள் தொகுதிக்கு விசேஷமானது. கொருக்குப்பேட்டை இருப்பது ஆர்.கே. நகர் தொகுதியில். ஏப்ரலில் நடக்கவேண்டிய இடைத்தேர்தல் பணப்பட்டுவாடா புகாரில் ரத்தாகி, டிசம்பர் 21க்குத் தள்ளிப்போயிருந்தது. நவம்பர் கடைசியிலிருந்தே தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி ஆட்டோ. எங்கள் வாழ்நாளில் பார்க்காத மந்திரிகள் எல்லாம் எங்கள் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். இருபது ரூபாய் நோட்டு டோக்கன் பற்றிய பேச்சு டீக்கடையெல்லாம் ஓடியது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தேர்தலுக்கு நாலு நாள். சென்னையின் எஃப்சி பெங்களூரில் ஆடுகிறது. நாங்கள் கேரம் கிளப்பில், ஒரு பழைய டிவிக்கு முன்னால் முப்பது பேர். ஜெஜே ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எண்பது நிமிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 85ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி சமன் செய்தார். அதோடு முடிந்தது என்று ஒருத்தன் எழுந்து வெளியே போனான். 88ஆவது நிமிடத்தில் தனபால் கணேஷ் கோல் போட்டார்.

அந்தச் சத்தத்தில் வெளியே போய்க்கொண்டிருந்த பிரச்சார ஆட்டோ நின்றுவிட்டது. வேட்பாளருக்குத்தான் கைதட்டுகிறோம் என்று நினைத்து ஒரு அண்ணன் உள்ளே தலையை நீட்டிக் கும்பிட்டார். டிவியில் வெள்ளைக்கார வர்ணனையாளர் "தன்பால்" என்றார். "தனபால்டா! த-ன-பா-ல்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார்கள் பையன்கள். ஒரு பெயரைச் சரியாகச் சொல்ல வைப்பதற்கு இத்தனை ஆவேசமா என்று வெளியாள் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் பெயருக்குப் பதிலாக "ஏய் எஸ்.சி. ஸ்காலர்ஷிப், எழுந்து நில்லு" என்று கூப்பிடப்பட்ட பிள்ளைகளைக் கேளுங்கள்.

24ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. குக்கர் சின்னத்தில் நின்றவர் நாற்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். மறுநாளிலிருந்து தெரு பழையபடி ஆகிவிட்டது. மந்திரிகள் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சாக்கடை இருந்தது. கால்பந்து மட்டும் தொடர்ந்தது. 18 ஆட்டம், 32 புள்ளி, பட்டியலில் இரண்டாம் இடம். பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம்.

பயிற்சியாளர் ஜான் கிரிகரி இங்கிலாந்துக்காரர், ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். அவருடைய ஆட்டமுறையை விமர்சகர்கள் அழகில்லாதது என்றார்கள். பின்னால் இறுக்கிக் கட்டு, பொறுத்திரு, கிடைத்த ஒன்றிரண்டு வாய்ப்பில் அடி. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் வீடுகள் நடக்கிற முறையே அதுதான்.

மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், சென்னையில். கோவாவை 3-0. ஜெஜே இரண்டு, தனபால் ஒன்று. நாங்கள் ஸ்டேடியத்தில் இருந்தோம். சீட்டுப் பணத்தில் டிக்கெட் வாங்கிய அம்மா ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். தனபால் கோல் போட்டதும் அவர் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஐ.டி. இளைஞனின் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க பக்கத்துப் புள்ளப்பா அது, வேசார்பாடி!" என்றார். அவ்வளவு சத்தமாக. எங்கள் பகுதிப் பெயரை ஒரு பெரிய இடத்தில், அவ்வளவு உரக்க, பெருமையோடு யாரும் சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதல்முறை. இதை எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது.

மார்ச் 17, சனிக்கிழமை, இறுதி ஆட்டம், பெங்களூரில். சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல். பிறகு பிரேசில்காரர் மைல்சன் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்பினார். 3-2. சென்னை இரண்டாவது முறையாகச் சாம்பியன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற பைக்குகள் எல்லாம் ஹாரன் அடித்தன. வழக்கமாக அந்தக் கேட்டில் ஹாரன் அடித்தால் சண்டை வரும். அன்றைக்கு வரவில்லை.

மூன்றாவது நாள், மார்ச் 20, செவ்வாய்க்கிழமை, உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் வந்தால் உடனே கைது கூடாது, அரசு ஊழியர் என்றால் நியமன அதிகாரியின் அனுமதி வேண்டும், முதலில் பூர்வாங்க விசாரணை, முன்ஜாமீனுக்கும் வழி. சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டு வாயை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்காக நாங்கள் தொடங்கியிருந்த வாட்ஸ்அப் குழுவில் எழுபது பேர் இருந்தார்கள். அதில் இன்னமும் கோப்பைப் படங்களும் மீம்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தத் தீர்ப்புச் செய்தியைப் போட்டோம். ஒரு மணி நேரம் எந்தப் பதிலும் இல்லை. பிறகு எங்கள் கீப்பர் எழுதினான்: "அண்ணா இது இன்னா, புரியல." அவனுக்குப் புரியும்படி எழுத முயன்றபோதுதான் எங்களுக்கே ஒன்று உறைத்தது. இரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறோம். தங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது என்பதை ஒருநாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. சமூகவியல் முதுகலையில் அதைப் பற்றிப் பதினைந்து மார்க் கட்டுரை எழுதியவர்கள் நாங்கள்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில், ஆட்டம் முடிந்ததும், வட்டமாக உட்கார்ந்து பேசினோம். முதலில் மைதானத்துப் பாஷையில்தான் தொடங்கினோம். ரெஃபரி விசில் ஊதுவதற்கு முன்னால், ஃபவுல் செய்தவனுடைய டீம் மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் எப்படி இருக்கும்? சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். ஏப்ரல் 2 பாரத் பந்த். வட மாநிலங்களில் அன்று உயிர்களே போயின. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை, நாற்பது பேர் பதாகை பிடித்து நின்றோம். அதில் முப்பது பேர் கால்பந்துக் குழுவில் இருந்து வந்தவர்கள், பாதிப் பேர் நீல ஜெர்சியில். சென்னையின் எஃப்சியின் நிறமும் நீலம்தான், அது தற்செயல். போகிறவர் ஒருவர், மேட்ச் ஜெயித்ததற்கு ஊர்வலமா என்று கேட்டார். ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து சட்டத்தைப் பழைய நிலைக்கு மீட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தெருவில் நின்றதால் வந்த திருத்தம் அது என்பதை இப்போது கல்லூரிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி முழங்கால்.

2018-19 சீசன். நடப்புச் சாம்பியன் சென்னையின் எஃப்சி, 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். உலகக் கால்பந்தில் இப்படிச் சரிந்தவர்கள் குறைவு. அக்டோபரில் நார்த்ஈஸ்டிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து 3-4 என்று தோற்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ரயிலில் எங்கள் பையன்கள் பேசிய வசனங்களை இங்கே எழுத முடியாது. ஆயிரம் காரணம் சொன்னார்கள். எங்கள் தீர்ப்பு எளிமையானது: தனபால் இல்லை. முழங்கால் காயம் அவருடைய அந்தச் சீசனையே எடுத்துக்கொண்டது. நடுக்களத்தில் எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குகிறவன் இல்லாமல்போனால் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்கள்?

நவம்பரில், எங்கள் மைதானத்தில், எங்கள் கீப்பர் ஒரு கார்னருக்குக் குதித்து இறங்கும்போது வலது முழங்கால் திரும்பியது. மைதானம் என்று சொல்கிறோம், பழக்கதோஷம். ரயில்வே பக்கத்துக் காலிமனை அது. ஜல்லி, உடைந்த பாட்டில், நடுவில் ஒரு கேபிள் பள்ளம். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக ஃபுல்பேக் பையன் சொன்னான்.

இங்கே எங்கள் தவறைச் சொல்லியாக வேண்டும். அவனைப் புத்தூர் கட்டு போடும் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனவர்கள் நாங்கள். பெற்றோர் இல்லை, நாங்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்று அவன் அப்பா தயங்கினார், மாநகராட்சிக் குப்பை வண்டியில் கான்ட்ராக்ட் வேலை, ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் இல்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் வீடுகளில் கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் கட்டுதான். எலும்பு முறிவுக்கு அது ஒத்துவந்திருக்கலாம். உடைந்தது எலும்பு இல்லை, உள்ளே இருக்கிற தசைநார். கட்டுப் போட்டு, முட்டையும் எண்ணெயும் தடவி, ஆறு வாரம் படுக்கவைத்தோம். வீக்கம் வடிந்தது. எழுந்து நடந்தான். ஓடினால் முழங்கால் நழுவியது. பிப்ரவரியில்தான் ஸ்கேன் எடுத்தோம். ஏசிஎல் கிழிந்திருந்தது.

அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை வேண்டும். அட்டையில் அப்பா பெயர் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம். ஒரு எழுத்து வித்தியாசம். அந்த ஒரு எழுத்தைத் திருத்த ஏழு மாதம் ஆனது.

இதற்குள் டிசம்பரில் மாவட்ட அணித் தேர்வு வந்து போனது. மாவட்டச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. எங்கள் ஏரியா டோர்னமென்டுகளில் அவன் வாங்கிய பதினொரு கோப்பைகள் வீட்டு பரணில் இருந்தன. அவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பெண் இல்லை. இருந்தும் 2019 ஜூனில் ஒரு கல்லூரியின் செலக்‌ஷனுக்குப் போனான். கீப்பர்தானே, ஓட வேண்டாம், சமாளித்துவிடலாம் என்று முழங்காலில் க்ரேப் பேண்டேஜ் சுற்றி, மேலே ட்ராக் பேன்ட் போட்டு மறைத்துக்கொண்டு. பத்து பந்தில் எட்டைத் தடுத்தான். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். எந்த ஏரியா? சொன்னான். "உங்க பக்கத்துப் பசங்க கிரவுண்டுக்குள்ள நல்லாத்தான் ஆடுவீங்க, வெளிய வந்தாத்தான் பிரச்சினை" என்று சிரித்தாராம். பிறகு சான்றிதழ் கேட்டாராம். இவன் எழுந்து வந்துவிட்டான்.

தனபாலுக்கு நடந்தது துயரம்தான். ஒரு ஆட்டக்காரனின் உச்சத்தில் ஒரு சீசன் போவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த முழங்காலுக்குப் பின்னால் ஒரு கிளப், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், திரும்பி வருவதற்கு ஒரு இடம் எல்லாம் இருந்தன. கால்வாய்க்கு இந்தப் பக்கம் அதேபோன்ற ஒரு முழங்காலுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம். திறமைதான் எல்லாவற்றையும் உடைத்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு அந்த ஏழு மாதம்தான் ஞாபகம் வருகிறது.

2020 ஊரடங்கில் மைதானம் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவில் மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி ஆட்டத்துக்கே வரமாட்டோம் என்று உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சீசனில் என்பிஏவிலேயே அதிக வெற்றி பெற்றிருந்த அணி. பிளே-ஆஃப் நேரம். மூன்று நாள் முன்பு, அவர்கள் மாநிலத்தின் கெனோஷா நகரில், ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் முதுகில் சுட்டிருந்தார். மற்ற அணிகளும் சேர்ந்தன, லீக் நின்றது. கீப்பரிடம் அந்தச் செய்தியைக் காட்டினோம். கூடைப்பந்து அவனுக்குப் பழக்கமில்லை. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி: "நம்மூர்ல யாராவது இப்டி உட்காருவாங்களா?"

உட்கார மாட்டார்கள். உட்கார முடியாது என்பதுதான் சரி. அங்கே அந்த ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, லீக்கில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்கள். இங்கே ஒரு ஆட்டக்காரர் தன் சாதியை வெளியே சொல்வதே ஒப்பந்தத்துக்கு ஆபத்து என்று நினைக்கிற நிலை. நூறு வருடத்துக்கு முன்பு பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர், 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர், பூனாவில் ஆடும்போது தேநீர் இடைவேளையில் வெளியே நின்று மண்குவளையில் குடிக்கவைக்கப்பட்டார். இந்துக்கள் அணிக்கு அவர் கடைசிவரை கேப்டன் ஆக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. இளம் அம்பேத்கர் பாலூவைப் பாராட்டி விழா எடுத்தவர். பின்னாளில் அரசியலில் எதிரெதிராக நின்றார்கள், 1937 தேர்தலில் பாலூ அம்பேத்கரிடமே தோற்றார். அது தனிக் கதை, சங்கடமான கதையும்கூட. இன்னொரு நாள் எழுதுகிறோம். 2021இல் ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டியது உங்களுக்கே நினைவிருக்கும். மண்குவளைக்குப் பதில் பட்டாசு.

இதுவரை படித்த தங்கைகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பன்னிரண்டு பையன்கள், முப்பது பேர் கேரம் கிளப், எல்லாம் ஆண்கள். எங்களுக்கு அது உறுத்தவே இல்லை, 2019 வரை. படிப்பு வட்டத்தில் ஏழாவது படிக்கும் ஒரு பாப்பாதான் ஒருநாள், "சாயந்தரம் கிரவுண்டு அண்ணன்களுக்கு, காலைல கிரவுண்டு கக்கூஸ் போறவங்களுக்கு, எங்களுக்கு எப்போ மிஸ்?" என்று கேட்டாள். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நாங்கள் பதில் வைத்திருந்த சந்தர்ப்பம் குறைவு. ஆனால் அதற்கு வேலை செய்ய முடிந்தது. ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினோம். முதல் மூன்று வாரம் பையன்கள் ஓரமாக நின்று கிண்டல் அடித்தார்கள். நாலாவது வாரம் அவர்களை விரட்ட ஒருவன் வந்து நின்றான், எங்கள் கீப்பர்.

இப்போது அவன் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். பெட்டி எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை. தொலைதூரக் கல்வியில் பி.ஏ. கடைசி வருடம், இரண்டு பேப்பர் அரியர். அறுவை சிகிச்சை ஒருவழியாக நடந்தது, காலம் கடந்து. மாடிப்படி ஏறலாம், ஓட முடியாது. ஞாயிறு காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு கோல்கீப்பிங் சொல்லித் தருகிறான். தரையில் எப்படி இறங்க வேண்டும் என்பதைத்தான் அதிகம் சொல்லித் தருகிறான். இரண்டு காலையும் ஊன்றி, முழங்காலை மடக்கி. பந்து போனால் போகட்டும் என்கிறான்.

2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தாவில் டுராண்ட் கோப்பை. ஈஸ்ட் பெங்காலுக்காக நந்தகுமார் சேகர் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஜெயிக்கவைத்தார். அவரும் வடசென்னைக்காரர். அன்று எங்கள் குழுவில் முதல் செய்தி பெண் பிள்ளைகளிடமிருந்து வந்தது. கீப்பர் அதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டான், அவன் ஷிஃப்டில் இருந்தான்.

அந்தச் சீசனில் மறுபடி நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். பத்தொன்பது பிள்ளைகள், அதில் ஒன்பது பெண்கள். கீப்பரும் வந்தான். தோற்ற ஆட்டம்தான். பத்து மணிக்கு மேல் சென்ட்ரல் வாசலில் ஒரு காவலர், வேறொருவர், சின்ன வயசு, கையைக் காட்டி நிறுத்தினார். இந்த முறை 'டா' இல்லை.

"எல்லாம் எந்த ஏரியா?"

கிரவுண்டு கேட்ட அந்தப் பாப்பா இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள்தான் முன்னால் நின்றிருந்தாள். "கொருக்குப்பேட்டை சார். நீங்க எந்த ஏரியா?"

எங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அவர் ஒரு நொடி பார்த்தார். "திருவண்ணாமலை பக்கம்மா" என்றார். "யாரு ஜெயிச்சா?"

"தோத்துட்டோம் சார்" என்றான் கீப்பர். அதற்குள் ரயில் வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். பத்தொன்பது பேரும் ஓடினார்கள். கீப்பருக்காக நாங்கள் மெதுவாக நடந்தோம், அவள் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து "சீக்கிரம்ணா, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.